ஒரே கிட்டாரில் ரெண்டு வகை பிக்கப்: கேள்வி பதில்

எலக்ட்ரிக் கிட்டாரில் சரத்தின் அசைவைச் சிக்னலாக மாற்றும் பாகம்தான் பிக்கப். ஒரே காயில் உள்ளது சிங்கிள் காயில், ரெண்டு காயில் சேர்ந்தது ஹம்பக்கர். சரங்கள் மாட்டியிருக்கும் பக்கம் பிரிட்ஜ், கழுத்துப் பக்கம் நெக். சிங்கிள் காயிலும் ஹம்பக்கரும் ஒரே கிட்டாரில் வேணும் என்று கேட்டவர்கள்தான் இந்த முறை அதிகம். நம்ம மாவட்டத்தில் இது நியாயமான ஆசை. ஞாயிறு காலை ஆராதனையில் கீர்த்தனைக்கு மெல்லிய கிளீன் ஒலி வேணும், ராத்திரி ஊர்த் திருவிழா மேடையில் கனமான லீட் வேணும். ரெண்டு கிட்டார் வாங்க எல்லாராலும் முடியாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக எந்த பிக்கப் நல்லது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். ரெண்டும் சேர்ந்து ஒலிக்கிற ஸ்விட்ச் நிலையை மனசில் வைத்து வாங்குங்கள். காசு வீணாவதெல்லாம் அங்கேதான்.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணே, என்கிட்ட ஸ்ட்ராட் மாடல் கிட்டார், மூணும் சிங்கிள் காயில். பிரிட்ஜில் மட்டும் ஹம்பக்கர் போடப் போறேன். வால்யூம், டோன் திருகுற பாட் எல்லாம் மாத்தணுமா?

பதில்: வால்யூம் பாட்டை மாத்தணும் தம்பி. டோன் பாட் ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

காரணம் இதுதான். வால்யூமை முழுசாகத் திறந்து வைத்தாலும் சிக்னலில் ஒரு பங்கு பாட் வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், தொட்டியின் அடியில் சின்ன ஓட்டை இருக்கிற மாதிரி. 250 கிலோ ஓம் பாட்டில் ஓட்டை பெரிசு, 500-ல் சிறிசு. கசிவு கூடக் கூட ஒலியின் மேல்பகுதிக் கூர்மை மழுங்கும். சிங்கிள் காயில் இயல்பிலேயே கூர்மையானது, அதனால் அதற்கு 250 சரி. ஹம்பக்கரில் ரெண்டு காயில் சேர்ந்திருப்பதால் கூர்மை ஏற்கெனவே குறைவு, அதற்கு 500 வேணும். ஹம்பக்கரை 250-ல் போட்டால் ஒலி மந்தமாகிவிடும். சிங்கிள் காயிலை வெறும் 500-ல் போட்டால் காதைக் குத்தும், அதுவும் நம்ம கோயில்களில் இருக்கிற ஹார்ன் ஸ்பீக்கரில் கேட்கவே வேணாம்.

ரெண்டுக்கும் நடுவில் வழி உண்டு. வால்யூம் பாட்டை 500 ஆக்குங்கள். ஸ்விட்சில் நெக் பிக்கப்பின் ஹாட் வயர் (சிக்னல் வரும் வயர்) வந்து சேரும் காலிலிருந்து எர்த்துக்கு ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர், நடு பிக்கப்புக்கும் அதே மாதிரி ஒன்று. ரெசிஸ்டர் 1/4 வாட் போதும். வளையங்கள் மஞ்சள், ஊதா, மஞ்சள் என்று இருக்கும், பார்த்து வாங்குங்கள். 500-ம் 470-ம் பேரலலாகச் சேரும்போது 242 ஆகிறது. அதோடு 250 டோன் பாட்டும் சேர்ந்தால் அந்த பிக்கப் பார்க்கும் மொத்தச் சுமை 123 கிலோ ஓம். பழைய ஸ்ட்ராட்டில் 250 வால்யூமும் 250 டோனும் சேர்ந்தால் 125. வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஹம்பக்கரை டோனில் இணைக்காமல் விட்டால் அதற்கு 500 முழுசாகக் கிடைக்கும்.

பிரிட்ஜும் நடுவும் சேரும் நிலையில் ஹம்பக்கரின் ஒரு காயில் மட்டும் வேலை செய்தால்தான் ஸ்ட்ராட்டின் அந்தக் கலகலப்பு வரும். ரெண்டு காயிலில் எதை வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். நடு பிக்கப்புக்கு எதிர்த் துருவமும் எதிர்ச் சுற்றும் உள்ள காயிலை வைத்தால் இரைச்சல் தானாக அடங்கும். மற்றதை வைத்தால் அப்படியே நிற்கும்.

வாங்குவதற்கு முன்னால் பிக்கார்டை (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) கழற்றி மரத்தில் ஹம்பக்கர் அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வருகிற ரெயில் ஹம்பக்கர் வாங்குங்கள். மரத்தை உளியால் தோண்ட வேணாம்.

கேள்வி (குளச்சல்): பிரதர், நெக்கில் ஒரு கம்பெனி, பிரிட்ஜில் வேற கம்பெனி. தனித்தனியா ரெண்டும் அருமை. சேர்த்து வச்சா சத்தம் மெலிஞ்சு, மூக்கடைச்ச மாதிரி இருக்கு. பிக்கப் போலியா?

பதில்: போலி இல்லை பிரதர். ரெண்டும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஒன்று சிக்னலை முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கிற கணக்கு. ரெண்டு சிக்னலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் கொஞ்சம்தான் வெளியே வருகிறது. முதலில் போவது அடித்தொனி.

உறுதிப்படுத்த மல்டிமீட்டர் போதும். 20 கிலோ ஓம் அளவில் வைத்து, சிவப்பு முனையை ஹாட் வயரிலும் கறுப்பை எர்த்திலும் பிடியுங்கள். எண் நிலைத்து நிற்கும், 7.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரும்பு ஸ்குரூ டிரைவரின் தண்டை பிக்கப்பின் மேல் படுக்க வையுங்கள். எண் ஆடி அடங்கட்டும். இப்போது வெடுக்கென்று மேலே தூக்குங்கள். தூக்கும் கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் விஷயம். ஆட்டம் ஒரு நொடிக்குக்கூட நிற்காது, அதனால் சிலமுறை செய்து பாருங்கள். அடுத்த பிக்கப்பிலும் அதே மாதிரி. ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால் எதிர் ஃபேஸ். ஹம்பக்கராக இருந்தால் தண்டை ஒரே ஒரு வரிசைக் காயில் மேல் மட்டும் வையுங்கள், ரெண்டு பிக்கப்பிலும் திருகு தெரிகிற வரிசை மேல். அப்போது ஒப்பிடுவது எளிது.

சரிசெய்ய ஒரு பிக்கப்பின் ரெண்டு வயரையும் இடம் மாற்றினால் போதும். சிங்கிள் காயிலில் ரெண்டு நிமிட வேலை. ஆனால் டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பில் கவனம் வேணும். அதன் உலோக மூடி எர்த் வயரோடு சேர்த்தே இணைந்திருக்கும். வயரை மாற்றினால் மூடி ஹாட் ஆகிவிடும், கை பட்டாலே இரையும். மூடிக்குப் போகும் அந்தச் சின்ன இணைப்பை வெட்டி, மூடிக்குத் தனியாக ஒரு எர்த் வயர் கொடுத்த பிறகுதான் மாற்றணும். வெளியே வலைப்பின்னல் கம்பி சுற்றி வருகிற பழைய பாணி ஹம்பக்கரிலும் இதே சிக்கல், அதை வயர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. உங்கள் ரெண்டில், ரெண்டு காயிலின் முனைகளும் தனித்தனியாக வெளியே வருகிற நாலு வயர் உள்ளது எதுவோ அதை மாற்றுங்கள்.

கேள்வி (தக்கலை): நாலு வயர் ஹம்பக்கர் வாங்கியாச்சு. காகிதம் ஒண்ணும் இல்லை. எந்தக் கலர் எதுக்கு?

பதில்: கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கன் என்றால் கறுப்பு ஹாட், வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகச் சேர்த்து டேப் ஒட்டணும், பச்சையும் உறை இல்லாத கம்பியும் எர்த்துக்கு. டிமார்ஜியோ என்றால் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரணும், பச்சை எர்த். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெயர் தெரியாத பிக்கப்பில் மல்டிமீட்டரை வைத்து எந்த ரெண்டு வயர் ஒரு ஜோடி என்று தேடுங்கள். ஒரு காயிலுக்கு ஏறக்குறைய 4 கிலோ ஓம் காட்டும். பிறகு மேலே சொன்ன ஸ்குரூ டிரைவர் சோதனையை ஒவ்வொரு காயிலுக்கும் செய்யுங்கள். துருவம் எதிராக இருப்பதால் ரெண்டிலும் எண் ஒரே பக்கம் அசையும்படி முனைகளைப் பிடித்துக் குறித்துவைத்து, ஒன்றில் கறுப்பு முனை பிடித்த வயரை அடுத்ததில் சிவப்பு முனை பிடித்த வயரோடு சேருங்கள்.

கேள்வி (திங்கள்நகர்): எஃப் ஸ்பேஸ் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பிரிட்ஜுக்கு வாங்கலாம். எஃப் ஸ்பேஸ் என்றால் துருவங்கள் (பிக்கப்பின் மேல் சரத்துக்கு ஒன்றாகத் தெரிகிற முனைகள்) கொஞ்சம் அகலமாக இருக்கும், முதல் சரத்திலிருந்து ஆறாம் சரம் வரை ஏறக்குறைய 51 மில்லிமீட்டர். ஸ்ட்ராட் பிரிட்ஜில் சரங்கள் அகலமாக ஓடும், அதற்குப் பொருந்தும். நெக்குக்குச் சாதாரண அகலமே போதும்.

கேள்வி (மார்த்தாண்டம்): லெஸ் பால் மாடலில் நெக்குக்கு பி-90, பிரிட்ஜுக்கு ஹம்பக்கர் போட ஆசை. பி-90 8 கிலோ ஓம், ஹம்பக்கர் 14 கிலோ ஓம். ஹம்பக்கர் சத்தம் பி-90-ஐ அமுக்கிடுமா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கலவை இது. பி-90 கிப்சன் கம்பெனியின் 1946 காலத்துப் பிக்கப், தடித்த ஒலியுள்ள சிங்கிள் காயில். ஹம்பக்கருக்கு அதே கிப்சனில் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ரெண்டுக்கும் 500 பாட்டே ஒத்துவரும், அதனால் நாகர்கோவில் தம்பிக்குச் சொன்ன ரெசிஸ்டர் வேலை உங்களுக்கு இல்லை.

கிலோ ஓம் எண்ணைச் சத்தத்தின் அளவாக எடுக்காதீர்கள். அது கம்பியின் நீளத்தையும் தடிமனையும்தான் சொல்லும். 42 கேஜ் கம்பியில் 8 கிலோ ஓம் காட்டும் அதே சுற்று எண்ணிக்கை, மெல்லிய 43 கேஜில் 10-க்குப் பக்கத்தில் காட்டும். காந்தம் எது என்பதும் கணக்கில் வரும். பிரிட்ஜ் பக்கம் சரத்தின் அசைவு சிறிது, நெக் பக்கம் பெரிது. அதனால் பிரிட்ஜில் பலமான பிக்கப் இருப்பது முறைதான்.

சமன் செய்வது உயரத்தில். கடைசி ஃப்ரெட்டில் சரத்தை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் சரத்துக்கும் நடுவே பிரிட்ஜில் 2 மில்லிமீட்டர், நெக்கில் 3 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். பிறகு நடு நிலையில் வைத்து, ரெண்டும் சமமாகக் கேட்கிறவரை பலமானதைத் தாழ்த்துங்கள். பலவீனமானதை உயர்த்தப் போகாதீர்கள். நெருங்கினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் குணமே மாறும்.

இன்னொன்று. ரெண்டு வால்யூம் உள்ள இந்த வயரிங்கில் நடு நிலையில் ஒன்றைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் ரெண்டுமே ஊமையாகும். தொந்தரவாக இருந்தால் ஒவ்வொரு வால்யூம் பாட்டிலும் பிக்கப் வயரை நடுக் காலுக்கும், வெளியே போகும் வயரை ஓரக் காலுக்கும் மாற்றிவிடுங்கள். இதில் இழப்பு என்னவென்றால், வால்யூமைக் குறைக்கும்போது கூர்மை வேகமாகப் போகும். கலந்து வாசிக்கிறவர்களுக்கு அது லாபம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (குழித்துறை): அண்ணாச்சி, சரத்தைத் தொட்டா இரைச்சல் குறையுது. ஆனா பாடும்போது மைக்கில் உதடு பட்டா ஷாக் அடிக்குது. பிக்கப் வயரிங் தப்பா?

பதில்: வயரிங்கில் தப்பு இல்லை. தொட்டால் இரைச்சல் குறைவது, பிரிட்ஜுக்கு எர்த் வயர் ஒழுங்காகப் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஷாக் வேற விஷயம், அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆம்ப்புக்கோ மிக்சருக்கோ எர்த் சரியாக இல்லை. மூணு பின் பிளக்கின் எர்த்தை வெட்டியவர்களும், ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறவர்களும் மேடைகளில் நிறைய. பந்தலில் மழை ஈரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூட்டி எர்த் பார்க்கச் சொல்லுங்கள், லைனில் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைக்கச் சொல்லுங்கள், ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே எர்த் உள்ள பிளக்கில் கொடுங்கள். அதுவரைக்கும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு பாட வேணாம். இரைச்சலுக்காகவோ ஷாக்குக்காகவோ பிரிட்ஜ் எர்த்தைக் கழற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (முட்டம்): கடல் காத்துல பிக்கப்பின் துருவமெல்லாம் துருப்பிடிக்குது. ஸ்டீல் வூல் வச்சு தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது மக்களே. இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டி, காயிலுக்குள் போனால் மெல்லிய கம்பியை அறுத்துவிடும். காய்ந்த துணியால் துடையுங்கள், வாசித்து முடித்ததும் பையில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். கடற்கரையில் இருப்பவர்கள் புதுசு வாங்கும்போது உலோக மூடி போட்ட, மெழுகு ஏற்றிய பிக்கப்பை எடுப்பது நல்லது. பாட் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற எண்ணெய் வேணாம்.

கேள்வி (கருங்கல்): பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் ஒண்ணு, சாதாரணம் ஒண்ணு. சேருமா?

பதில்: எளிதில் சேராது. ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட். அதே பாட்டில் சாதாரண பிக்கப்பைக் கொடுத்தால் மேல்பகுதி முழுக்க போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (இரணியல்): விலை குறைஞ்ச கிட்டார், இப்பதான் படிக்கிறேன். சேத்து வச்ச காசுல பிக்கப் மாத்தவா?

பதில்: இப்போது வேணாம் தம்பி. புது சரம் போடுங்கள். பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், கடையிலிருந்து வரும் பல கிட்டார்களில் சரத்தோடு முட்டுகிற மாதிரி உயர்த்தி இருக்கும். பிக்கார்டைத் திறந்து பாட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஹம்பக்கர் இருந்து பாட்டில் 250 என்று இருந்தால் அதை மட்டும் 500 ஆக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒலி திருப்தி தரவில்லை என்றால், இருக்கிற பிக்கப்பின் கிலோ ஓம் அளவையும் எந்த நிலையில் வைத்து அதிகம் வாசிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், எதை மாற்றலாம் என்று பார்ப்போம்.