குளிரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள் என் மகள்?

கேள்வி: என் ஒரே மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பேரனுக்கு இரண்டு வயது. காலையிலேயே அவனைக் காப்பகத்தில் விட்டுவிடுகிறார்கள். சாயங்காலமும் சனி, ஞாயிறும் பனி, தூறல் எதையும் பார்க்காமல் வெளியே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. ராத்திரிக்கு ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடு. பேச்சும் இன்னும் சரியாக வரவில்லை. நான் ஏதாவது சொன்னால் மகளுக்கு முகம் மாறிவிடுகிறது. இப்போது வாரத்துக்கு ஒரு முறைதான் பேசுகிறாள். ஆனால் மே மாதம் எங்கள் இருவரையும் அங்கே வந்து இருக்கச் சொல்கிறாள். போனால் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது. என் கணவருக்கோ, அவர்கள் ஊருக்கு வரும்போது பேரனை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக்கு அழைத்துப் போக ஆசை. அதற்கும் மகள் தடை சொல்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்:

சகோதரி, சண்டை வரத்தான் செய்யும். தாயும் மகளும் ஒரே சமையலறையில் மூன்று மாதம் நின்றால் தருமபுரியில் மட்டும் வராதா என்ன? அதற்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மே மாதமே கிளம்புங்கள். அதற்குள் ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் எண்ணம் மாறினால் பாதிச் சண்டை வராது. உங்கள் மகள் பொழுதுபோக்குக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறாள் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள் மகள் இரண்டு வயதில் எப்படி வளர்ந்தாள் என்று யோசியுங்கள். காலையில் எழுந்ததும் திண்ணைக்கு வந்திருப்பாள். பால்காரர் கன்னத்தைக் கிள்ளியிருப்பார். எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருப்பாள். கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி, மாங்காய் ஏற்றிய வண்டி, கோயில் மணி, பக்கத்துவீட்டுத் தெலுங்கு, கடைக்காரரின் உருது எல்லாம் அவளுக்குத் தெருவிலேயே கிடைத்தன. நீங்கள் வேலையை முடித்துவிட்டுத் தேடிப் போனபோது அவள் நாலாவது வீட்டில் களியும் கீரைக்குழம்பும் தின்றுகொண்டிருந்திருப்பாள். பிள்ளையை வெளியே அழைத்துப் போக வேண்டுமே என்று நீங்கள் ஒருநாளும் திட்டம் போட்டதில்லை. வாசற்படியைத் தாண்டினாலே வெளிதான்.

ஸ்டுட்கார்ட்டில் அந்த வாசற்படி கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே மூன்றே பேர். அவர்களில் இருவர் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கீழ்வீட்டுக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தரையில் பந்தைத் தட்டினால் அவர் வந்து கதவைத் தட்டக்கூடும். அன்றைக்குக் கடைகளும் மூடியிருக்கும். அங்கே சட்டமே அப்படி. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வயதுப் பையனை அடைத்துவைத்தால் அவன் சோபா முதுகில் ஏறுவான், சுவரில் கிறுக்குவான், கடைசியில் கையில் செல்போனைக் கொடுத்துத்தான் உட்காரவைக்க வேண்டியிருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், திரையின் முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. தள்ளுவண்டியில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. நமக்குத் தெரு சும்மா கொடுத்ததை உங்கள் மகள் ஒவ்வொரு மாலையும் தன் உடம்பு நோக உண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பு நோக என்பதை மிகையாகச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் கிளப்புவதை நீங்கள் அருகில் இருந்து பார்க்க வேண்டும். உள்சட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் நீரும் புகாத முழு உடுப்பு. ஒரு காலை நுழைக்கும்போது பிள்ளை மறு காலை உருவிக்கொள்ளும். பூட்ஸை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு அதுதான் சரி என்று அடம்பிடிக்கும். கையுறையில் கட்டைவிரல் போகும் இடத்தில் சுண்டுவிரல் போய் நிற்கும். தொப்பி வரைக்கும் எல்லாம் மாட்டி, ஜிப்பை மேலே இழுத்து, தானும் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்வையோடு நிமிரும்போது பிள்ளை ஒரு மாதிரி அசையாமல் நின்று முகத்தைச் சுளிக்கும். அப்புறமென்ன, எல்லாவற்றையும் கழற்றி, டயப்பரை மாற்றி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகு கீழே இறங்கியவளிடம் போனில், “இந்தக் குளிரில் பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய்?” என்று கேட்டால் முகம் மாறாமல் என்ன செய்யும்?

மூக்கு ஒழுகுவதற்கு வருகிறேன். சளியைத் தருவது வைரஸ். கதவு ஜன்னலை மூடிய அறையில் நாலு பிள்ளைகள் சேர்ந்து இருமும்போதுதான் அது சுலபமாகப் பரவுகிறது. இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகவே வரும். மூக்கு ஒழுகினாலும் பிள்ளை விளையாடுகிறது, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது என்றால் பதற வேண்டாம். மூச்சு விடத் திணறினாலோ, காய்ச்சல் இறங்காமல் துவண்டு கிடந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அது உங்கள் மகளுக்கும் தெரியும். நீங்கள் அங்கே போன பிறகு பிள்ளைக்குக் குளிருகிறதா என்று சந்தேகம் வந்தால் கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். நம்மவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் கூடுதலாகச் சுற்றிவைப்பதுதான்.

காப்பகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை, மன்னியுங்கள். ‘விட்டுவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் கீட்டா என்று அழைக்கப்படும் அந்த இடம் ஒரு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. சேர்த்த முதல் நாளே விட்டுவிட்டு வருவதும் அங்கே வழக்கமில்லை. சில நாட்கள் தாயோ தகப்பனோ கூடவே அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சில நிமிடங்கள் மட்டும் வெளியே போய்வருவார்கள். அந்த நிமிடங்கள் மெல்ல மெல்லக் கூடும். பிள்ளை பழக வாரக்கணக்கில் ஆகும். நம் பால்வாடியில் முதல் நாளன்று கதறும் பிள்ளையை டீச்சர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

பேச்சு பற்றிய கவலையில் மட்டும் நான் கொஞ்சம் உங்கள் பக்கம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பது உண்மையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தமிழ், ஜெர்மன் இரண்டையும் சேர்த்தே சொற்களை எண்ண வேண்டும். இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவது வந்து, ‘பால் வேணும்’, ‘ஆயா வா’ என்று இரண்டிரண்டாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காதைச் சோதிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே இரண்டு வயதை ஒட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் பேச்சைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று மகளிடம் ஒரே ஒரு தடவை, குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள்.

ராத்திரி ரொட்டியை விட்டுவிடுங்கள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். மதியம் கீட்டாவிலேயே சூடான சாப்பாடு போடுவது பரவலான வழக்கம்.

இப்போது, வாரத்துக்கு ஒரு முறையாகச் சுருங்கிய அந்த வீடியோ அழைப்பு. நீங்கள் எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறீர்கள்? நம் ஊரில் இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே பிற்பகல் மூன்றரை. காப்பகத்திலிருந்து பிள்ளையை அழைத்துவர அவள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நாலரை மணி நேர வித்தியாசம் மூன்றரையாகும். அதுவரை ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டை முடித்துவிட்டு, கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே காலை ஒன்பது. மூவரும் வீட்டில் இருப்பார்கள். “ஆயாவைத் தெரிகிறதா? ஒரு முத்தம் கொடு” என்று பிள்ளையைச் சோதிக்காதீர்கள். வீட்டில் களி கிண்டினால், களி கிளறும் கட்டையைக் காட்டி உருண்டை பிடித்துக் காட்டுங்கள். கன்றுக்குட்டியைக் காட்டுங்கள். கைதட்டிப் பாடுங்கள். பத்து நிமிடத்தில் அவன் ஓடிப்போனால் ஓடட்டும். ஒன்றரை வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்று சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

அங்கே போன பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் கிளம்பும்போது நீங்களும் கிளம்புங்கள். ஒருவர் பிள்ளையின் காலைப் பிடிக்க, ஒருவர் பூட்ஸை மாட்டினாலே பெரிய உதவி. விளையாட்டுத் திடலில் பேரன் ஏணியில் ஏறும்போது உங்களுக்கு ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள், தூக்காதீர்கள். மணலில் மற்ற பிள்ளைகளின் வாளியை எடுக்குமுன் கேட்க வேண்டும். கிண்ணத்தோடு பின்னால் ஓடி ஊட்டும் நம் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. என்ன சாப்பாடு, எப்போது என்பதை மகள் முடிவு செய்யட்டும், எவ்வளவு என்பதைப் பேரன் முடிவு செய்யட்டும். முழுக் கடலையும் முழுத் திராட்சையும் அவன் வாய்க்குப் போகவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை தருகிறேன். ஸ்டுட்கார்ட்டில் மரியன்பிளாட்ஸ் என்ற இடத்திலிருந்து மலைமேல் இருக்கும் டேகர்லோக்குக்குப் பல்சக்கர ரயில் ஒன்று ஏறுகிறது. 1884 முதல் ஓடுகிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. தாத்தாவும் பேரனும் மட்டும் அதில் ஏறி இறங்கி வரப் பழகிவிட்டால் சனிக்கிழமை காலையில் உங்கள் மகள் இரண்டு மணி நேரம் தூங்குவாள். வில்ஹெல்மா என்ற விலங்குக் காட்சிசாலையும் அங்கே இருக்கிறது. அதற்கு எல்லோருமாகப் போகலாம்.

மகள் பக்கமும் குறை இருக்கிறது. தாய் கேட்கும் கேள்வி பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டும். அழைப்பைக் குறைத்துத் தண்டிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்புவீர்கள் என்ற நம்பிக்கையில் அவளுக்கும் ஒன்று எழுதுகிறேன். அம்மா வருகிறாள் என்று கீட்டாவை நிறுத்திவிடாதே, தங்கையே. மொழி தெரியாத ஊரில் பகலெல்லாம் ஒரு இரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வேலை உன் வயதிலேயே கடினம். அவர்கள் தாங்களாகவே கடைக்கும் பூங்காவுக்கும் போய்வர முதல் வாரமே பஸ் வழியைக் காட்டிவிடு.

பயண வேலைகளைச் சீக்கிரம் தொடங்குங்கள். ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்; சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு அது உதவுமா என்று கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். கேழ்வரகு மாவு தாராளமாக எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோகத் தடை. மே மாதம் நம் மாவட்டத்தை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு மாம்பழத்தைத் துணிக்குள் சுற்றிவைக்கக் கை துறுதுறுக்கும். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அதுவும் கூடாது.

கடைசியாக ஸ்கூட்டர். இதில் மகள் சொல்வதே சரி, வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022இல் விதி வெளியிட்டது. அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது. சேலம், பெங்களூரு லாரிகள் பறக்கும் அந்த நெடுஞ்சாலைப் பக்கம் பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து வரும் காரில் குழந்தை இருக்கை வேண்டும் என்று அவள் கேட்டாலும் சிரிக்காதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் நம் சட்டத்திலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. ஒகேனக்கல் போனாலும் பரிசல் இந்த வயதுக்கு வேண்டாம். தாத்தா எண்ணெய் மசாஜ் எடுத்துக்கொள்ளட்டும், பேரன் மீன் வறுப்பதை வேடிக்கை பார்க்கட்டும்.

அணைக்குப் பேரனைப் பஸ்ஸில் அழைத்துப் போகலாம். ஜன்னலோர இருக்கை கிடைக்கும் வண்டியாகப் பார்த்து, வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்புங்கள். பூங்காவில் அவனை ஓடவிடலாம், தண்ணீர்ப் பக்கம் போகும்போது மட்டும் கையை விடக் கூடாது. குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீரும் ஒரு மாற்று உடுப்பும் பையில் இருக்கட்டும்.