ஒரு ஜீப் ஆட்கள் போதும்

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்குக் கம்பம். கோயம்புத்தூரில் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். அப்பாவுக்குக் கேரள மலையில் வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. ஏலக்காய் பயிரிடுகிறவர்களுக்கும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் என்று ஒரு சமூக வலைத்தளம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. 340 பேர் பதிவு செய்தார்கள், ஆனால் தினமும் எட்டிப் பார்ப்பது பத்துப் பேர்கூட இல்லை. "எல்லாரும் பேஸ்புக்லயும் வாட்ஸ்அப்லயும் இருக்காங்க, இது எதுக்குடா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். மூடிவிடலாமா?
பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: மூடாதீர்கள் தம்பி. ஆனால் இப்போது இருக்கிற மாதிரியே நடத்தவும் வேண்டாம். உங்கள் தளத்துக்குள் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முகப்பில் போடி, புற்றடி ஏலக்கூடங்களில் ஏலக்காய் போகிற விலை. அதற்குக் கீழே நண்பர்கள், படங்கள், வீடியோ, குழுக்கள், சமையல், ஜோதிடம் என்று பதினொரு பகுதி, அதில் எட்டில் ஒரு பதிவுகூட இல்லை. புதிதாக வருகிறவர் இரண்டு இடத்தைத் திறந்து பார்ப்பார், ஆளே இல்லை என்றால் போய்விடுவார், அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வரமாட்டார். விலையாவது இழுக்குமா என்றால், ஏலம் நடக்கிற அன்றைக்கே அதிகபட்சம் இவ்வளவு, சராசரி இவ்வளவு என்று எல்லார் போனுக்கும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடுகிறது. அதற்காக உங்களிடம் ஏன் வரவேண்டும்?

போன ஆடியில் நான் கம்பத்தில் இருந்தேன். விடிகாலை ஐந்தரை மணி, தூறல், மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் நிற்கிறது. அஞ்சாறு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "போன மழைக்கு ஒருத்தர் குரூப்புல போட்டிருந்தாரு தம்பி, அழுகலுக்குப் போர்டோ மருந்து எந்தெந்தத் தேதி அடிச்சாரு, எத்தனை செடி தப்பிச்சதுன்னு படத்தோட." கட்டைவிரல் மேலே மேலே தள்ளுகிறது. காலை வணக்கம் ரோஜாப்பூ, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மறுபடி ரோஜாப்பூ. டிரைவர் ஹாரன் அடித்தார், பெரியவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு வேண்டிய பதில் அந்தப் போனுக்குள்ளேயேதான் எங்கேயோ கிடந்தது, மழையில் அழுகிக்கொண்டிருந்த செடிக்கு அது போய்ச் சேரவில்லை.

உங்கள் தளத்துக்கான வேலை அதுதான். பேச்சை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும், ஒரு குழுவில் 1,024 பேர் வரை பேசலாம், அதோடு மோதாதீர்கள். பேசி முடித்ததை அடுத்த மழைக்கும் எடுத்துப் பார்க்கிற மாதிரி வைத்திருக்க அங்கே ஒழுங்கான வழியில்லை. அமெரிக்காவில் 2007-ல் ஒரு கணவன் மனைவி, கம்பளி நூலில் பின்னல் போடுகிறவர்களுக்காக ரேவல்ரி என்று ஒரு தளம் தொடங்கினார்கள். அப்போதே பேஸ்புக் எல்லாருக்கும் திறந்தாகிவிட்டது. இருந்தும் பின்னல்காரர்கள் லட்சக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏனென்றால் யார் எந்த நூலில், எந்த ஊசியில், எந்த மாதிரியைப் பின்னினார், எப்படி வந்தது என்று படத்தோடு தேடி எடுக்க முடிந்தது. நூல், ஊசி என்கிற இடத்தில் மருந்து, தேதி, செடி என்று வைத்துப் பாருங்கள்.

பெரிய தளங்கள் செய்வதையே நாமும் செய்வோம் என்று இறங்கினவர்களுக்குப் பணம்கூடக் கைகொடுக்கவில்லை. கூகுளே 2011-ல் பேஸ்புக்குக்குப் போட்டியாகக் கூகுள் பிளஸ் ஆரம்பித்து 2019-ல் பொதுமக்களுக்கு மூடியது. நம் நாட்டில் ட்விட்டருக்கு மாற்று என்று 2020-ல் வந்த கூ 2024-ல் நின்றுபோனது. பழகிய ஆட்கள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்போது அதே வேலைக்காக இன்னொரு இடத்துக்கு யாரும் தனியாகக் கிளம்பமாட்டார்கள்.

கூட்டமாகத்தான் கிளம்புவார்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2009-ல் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து செங்கோட்டை, புனலூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினோம். ஆறே மாதத்தில் 900 பேர், தலைகால் புரியவில்லை. கணக்குப் பார்த்தால் நாற்பது ஊர், ஊருக்கு இருபத்தைந்து பேர்கூட வரவில்லை, ஒருவரை ஒருவர் முகம் தெரியாது, யாரும் யாருக்கும் பதில் போடவில்லை. அடுத்த வருஷமே மூடினோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேஸ்புக்கே எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும். ஒரு மாதத்துக்குள் அங்கே இளநிலை படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் அடுத்த கல்லூரி, அதற்கடுத்த கல்லூரி. வெளி ஆட்கள் எல்லாருக்கும் கதவு திறந்தது 2006 செப்டம்பரில். அந்த நேரத்தில் பெரிய ஆள் மைஸ்பேஸ் என்கிற சமூக வலைத்தளம். 2005-ல் 58 கோடி டாலருக்கு விலைபோனது, 2011-ல் சுமார் 3.5 கோடிக்குக் கைமாறியது.

அதனால் அந்த 340-ஐ மறந்துவிடுங்கள். அப்பாவின் தோட்டத்துக்குப் போகிற ஒரு ஜீப், அப்பா காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோர், அங்கே வருகிற பதினைந்து இருபது பேர். அவ்வளவு பேரையும் ஒரே வாரத்தில் உள்ளே கொண்டுவாருங்கள். பதினொரு பகுதியையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று வையுங்கள்: செடியின் படம், என்ன செய்தேன், என்ன ஆனது. "என்ன ஆனது" என்பதைக் கட்டாயம் கேளுங்கள், பதிவு போட்ட இருபதாம் நாள் நீங்களே போன் செய்து கேளுங்கள், பலன் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் எந்தக் கேள்வியும் ராத்திரிக்குள் பதில் இல்லாமல் கிடக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்து போடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு இணைப்பு இருக்கட்டும், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பதிவு செய்யாமலே படிக்க முடியவேண்டும். அந்தப் பெரியவர் ஜீப் கிளம்புவதற்குள் அழுகல் என்று தட்டிப் பதிலை எடுத்துவிட்டார் என்றால், அடுத்த ஜீப்காரர்கள் தானாக விசாரிப்பார்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒன்று எங்களுக்கும் வேண்டும் சார். ஆனால் என்னோடு காய் எடுக்க வருகிற பெண்கள் பாதிப் பேருக்குத் தமிழில் டைப் பண்ண வராது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மலையாளம்.
ஒரு வாசகி, குமுளி

பதில்: பேசிப் பதிவு செய்கிற வசதி இருக்கவேண்டும் அம்மா, இதைக் கம்பத்துத் தம்பியும் கவனிக்கட்டும். மலையில் சிக்னல் வந்து வந்து போகும், படம் தானாகச் சிறிதாகிப் போகவேண்டும், சிக்னல் வரும்வரை போனிலேயே காத்திருக்கவேண்டும். மொழிக்காகத் தளத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. ஏலம், அழுகல் இரண்டுமே அங்கேயும் இங்கேயும் ஒரே சொல். இன்னொன்று: நாள் கூலி எவ்வளவு, எந்தத் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்க இடம் உண்டு என்பதைப் பெண்கள் பேர் வெளியே தெரியாமல் சொல்ல ஒரு வழி வையுங்கள். அது இல்லாவிட்டால் முதலாளிகள் மட்டும் பேசிக்கொள்கிற இடமாகிவிடும்.

கேள்வி: இதில் வருமானம் எப்படி வரும்? நாலு பேர் வர ஆரம்பித்ததும் பெரிய கம்பெனிக்காரன் இதையே செய்தால்?
ஒரு வியாபாரி, போடிநாயக்கனூர்

பதில்: வண்டன்மேட்டில் எந்த ஸ்டோரில் காய் நிறம் மாறாமல் உலர்கிறது என்று கேட்டு எழுத எந்தப் பெரிய கம்பெனியும் ஆள் அனுப்பாது, அந்தப் பயம் வேண்டாம். வருமானம் மெதுவாகத்தான் வரும். ரேவல்ரிக்கு நூல் கடை விளம்பரமும் பின்னல் மாதிரி விற்பனையில் ஒரு பங்கும் வந்தது. இங்கே நாற்றுப் பண்ணை, ஸ்டோர் வாடகை, மருந்தடிக்கிற மெஷின் ரிப்பேர் என்று விளம்பரம் வாங்கலாம். 2021-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைகேட்கும் அலுவலர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போடவேண்டும், சின்னத் தளம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்துக் கம்பெனி விளம்பரம் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். ஏலக்காயில் மருந்து எச்சம் என்றால் வெளிநாட்டுச் சந்தையில் என்ன பாடு என்று வியாபாரியான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அழுகலுக்கு என்ன அடிக்கலாம் என்று ஒருவர் கேட்கிற பக்கத்திலேயே மருந்துக்காரர் படம் இருந்தால், கீழே வருகிற நல்ல பதிலைக்கூட யாரும் நம்பமாட்டார்கள்.