மாடு சினை பிடிக்காததும் புலி குட்டி போடாததும்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். வெயிலும் மாசும் விலங்குகளின் கருத்தரிப்பை எப்படிக் கெடுக்கின்றன என்று ஆராயப் போகிறேன் என்கிறாள். இதற்கு வேலை உண்டா, சொந்தக்காரர்களிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிச்சயம் உண்டு. ஆனால் அவள் கனவு காணும் காட்டில் அது குறைவு, மாட்டுத் தொழுவத்தில்தான் அதிகம். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது.

தொழுவத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். கறவை மாடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கோடையில் மாடு வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள், "ஊசி போட்டும் சினை நிற்க மாட்டேங்குது" என்பார். ஊசி என்பது செயற்கைக் கருவூட்டல். உடல் சூடு ஏறினால் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தூண்டல் தளர்ந்து, ஈஸ்ட்ரோஜனும் குறைந்துவிடும். பிறகு பருவ அறிகுறியே சரியாக வெளியில் தெரியாது. எருமையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதைத்தான் ஊமைச் சினைப்பருவம் என்பார்கள். அதையும் தாண்டிக் கரு உண்டானாலும், முதல் சில நாட்களில் அது சூட்டைத் தாங்காமல் அழிந்துபோகக் கூடும். காளையும் தப்பாது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆவதால், மே மாத வெயிலின் பாதிப்பு மழை வந்த பிறகும் விந்தின் தரத்தில் தெரியும்.

ஒரு பருவம் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்த கன்றும் பாலும் அவ்வளவு தள்ளிப்போகும், தீவனச் செலவு மட்டும் நிற்காது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது பெரிய அடி. இந்தப் பிரச்சினையைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு அரசுக் கால்நடை மருந்தகம், பால் கூட்டுறவு, உறைவிந்து நிலையம், தனியார் பண்ணை என்று எல்லா இடத்திலும் தேவை இருக்கிறது.

காட்டு விலங்குப் பக்கமும் உண்மையான வேலை நடக்கிறது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் அடியோடு அழிந்தபின், 2008 முதல் ரந்தம்பூரிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முதல் குட்டிகளைப் பார்க்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் தேடி, ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் லேகோன்ஸ் (அழிந்துவரும் விலங்குகளுக்கான) ஆய்வகத்தார் அங்கே புலியின் மலத்தைச் சேகரித்து, அதிலிருந்த மன அழுத்த ஹார்மோனின் சிதைபொருள்களை அளந்தார்கள். சாலைப் போக்குவரத்து, கிராமங்கள், கால்நடை மேய்ச்சல் போன்ற மனிதத் தொந்தரவுக்கும் அந்த அழுத்தத்துக்கும் தொடர்பு தெரிந்தது. புலியைத் தொடாமலேயே அதன் உடல்நிலையை அறியும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வகங்கள் நாட்டில் சிலவே. முனைவர் பட்டம் முடிக்க 27, 28 வயதாகிவிடும். அதுவரை வருமானம் ஆராய்ச்சி உதவித்தொகைதான்.

அதனால் என் யோசனை இது. முதல் விருப்பமாகக் கால்நடை மருத்துவத்தை வையுங்கள். பி.வி.எஸ்சி. படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் வேண்டும். பட்டம் வாங்கியதும் டிஎன்பிஎஸ்சி வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் பணிக்குப் போகலாம். மேற்படிப்பான எம்.வி.எஸ்சி.யில் ஈனியல் (கால்நடை இனப்பெருக்க மருத்துவம்) பிரிவு எடுத்தால் அவள் கேட்கிற கேள்விக்கே நேராகப் போய்விடலாம். அங்கிருந்து வனவிலங்கு ஆராய்ச்சிக்கும் கதவு திறந்தே இருக்கும். இடம் கிடைக்கவில்லை என்றால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. விலங்கியல் படித்து, சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி ஆய்வுக்குள் நுழையலாம். இது நீண்ட வழி, நடுவில் கைவிட்டவர்கள் நிறைய. வீட்டில் பொறுமையும் கொஞ்சம் பணமும் இருந்தால்தான் இதைச் சொல்வேன்.

இன்னொன்று, இது கையால் செய்கிற வேலை. தோள் வரை உறை போட்டுக்கொண்டு மாட்டின் மலக்குடலுக்குள் கையை விட வேண்டும். குடல் சுவர் வழியாகத் துழாவினால் பாதாம் கொட்டை வடிவில் சினைப்பை விரலில் தட்டுப்படும். அதில் மேடு இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்பதைத் தொட்டே சொல்ல வேண்டும். மாடு உதைக்கும், சாணியடிக்கும். பெண்களால் முடியுமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தாராளமாக முடியும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இன்று எத்தனை மாணவிகள் படிக்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கருத்தரிப்பு என்ற சொல்லைக் கேட்டு அவர்கள் முகம் சுளித்தால், மாட்டு மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று சொன்னால் போதும், சண்டை வேண்டாம்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காலையில் சினை ஊசி போடும் நேரமாகப் பார்த்து, மருத்துவரிடம் அனுமதி கேட்டு மகளை ஒருநாள் நிற்க வையுங்கள். திரும்பி வந்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் கடைசி நாளைத் தவறவிட நேரலாம்.