முன் அனுபவமில்லாத பி.காம். பட்டதாரி, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் நேர்முகத் தேர்வுக்கு எவ்வாறு தயாராவது?

பி.காம். முடித்திருப்பதாகவும், கோவையில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு இருப்பதாகவும், எதைப் படித்துச் செல்வது என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், புதியவர்களைத் தேர்வு செய்யும்போது மேலாளருடன் உட்காருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் கேள்வி பதில் தொகுப்புகளை உருப்போடுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு கொள்முதல் பில் அலுவலகத்துக்குள் வந்தது முதல் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் (அரசுக்குத் தாக்கல் செய்யும் வரிக் கணக்கில்) போய்ச் சேரும்வரை என்னவெல்லாம் ஆகிறது என்பதைத் தடங்கலின்றிச் சொல்லப் பழகுங்கள்.

நாங்கள் தேர்வு செய்யும்போது, சுய அறிமுகம் முடிந்ததும் மேசையில் ஒரு பில்லை வைத்து, வெள்ளைத் தாளில் என்ட்ரி போடச் சொல்வோம். பெங்களூரிலிருந்து வந்த இயந்திர உதிரிபாகத்தின் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 10,000 ரூபாய், வரி 18 சதவீதம். விற்றவரின் ஜி.எஸ்.டி. எண் 29 என்று தொடங்குகிறது, நம்முடையது 33 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, ஆகவே இது வெளிமாநிலக் கொள்முதல், மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. 1,800 ரூபாய். விற்றவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்திருந்தால் அதே தொகை மத்திய அரசுக்கான சி.ஜி.எஸ்.டி. 900, மாநில அரசுக்கான எஸ்.ஜி.எஸ்.டி. 900 என்று பிரிந்திருக்கும். கொள்முதல் கணக்கில் 10,000, உள்ளீட்டு ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் 1,800 என இரண்டையும் பற்று வைத்து, விற்றவர் கணக்கில் 11,800 வரவு வைக்க வேண்டும். முழுத் தொகையையும் கொள்முதலிலேயே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் திரும்பக் கிடைக்க வேண்டிய வரி செலவோடு செலவாகக் கரைந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் மேலாளரின் பேனா நின்றுவிடும்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: அந்த 1,800 ரூபாயை நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் எப்போது கழித்துக்கொள்ளலாம்? பில் கையில் இருப்பது மட்டும் போதாது. விற்றவர் தம்முடைய விற்பனை விவர ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் அதைக் காட்டி, அது ஜி.எஸ்.டி. தளம் நமக்குத் தரும் 2பி என்ற கொள்முதல் வரிப் பட்டியலில் வந்திருக்க வேண்டும். நமது கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் எக்செலில் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காக விற்றவர்களை விரட்டுவதுதான் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் வந்து விழும் வேலை. ஆகையால் எக்செலில் ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடும் வி-லுக்கப், தொகுத்துக் காட்டும் பிவோட் டேபிள் இரண்டையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தேதிகளும் தெரிந்திருக்க வேண்டும். மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் நிறுவனத்தில் பொதுவாக 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-க்குள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), 20-க்குள் 3பி (ஜி.எஸ்.டி.யைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்). மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் கணக்குப் பிரிவில் விடுப்புக் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். நம் புத்தக இருப்பும் வங்கி இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். சூத்திரமாக ஒப்பிக்காமல், நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாததால் பாஸ்புக்கில் இருப்பு கூடுதலாகத் தெரிகிறது என்பதுபோல ஓர் உதாரணத்தோடு சொன்னால் போதும்.

கணக்கு மென்பொருளான டேலி தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். பயிற்சி மையச் சான்றிதழைவிட, டேலி பிரைமின் இலவச எஜுகேஷனல் முறையில் நீங்களே ஒரு கற்பனை நிறுவனத்தைத் தொடங்கி, கொள்முதலுக்கு எஃப்9 விசை, விற்பனைக்கு எஃப்8, வங்கியில் பணம் போடுவதற்கும் எடுப்பதற்கும் எஃப்4 என்று நாள்தோறும் சில வவுச்சர்கள் (பதிவுகள்) போட்டுப் பார்த்திருப்பது அதிகம் உதவும். அதில் குறிப்பிட்ட சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு செய்ய முடியும். பழகுவதற்கு அது தடையல்ல.

செல்லவிருக்கும் நிறுவனத்தைப் பற்றி அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. அதன் ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால், ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலேயே தேடி, அது கூட்டாண்மையா பிரைவேட் லிமிடெட்டா, எப்போது பதிவானது, என்ன தொழில் என்பதைப் பார்த்துவிடலாம். இதைச் செய்துவிட்டு வருகிறவர் அரிது என்பதால், பேச்சின் நடுவே இயல்பாக வெளிப்பட்டால் கவனத்தில் நிற்கும்.

ஆங்கிலத்துக்காக மிகவும் அஞ்ச வேண்டாம். எங்களைப் போன்ற நிறுவனங்களில் கேள்விகள் பாதிக்கு மேல் தமிழில்தான் இருக்கும். ஆனால் நிலுவைத் தொகை கேட்டு நான்கு வரி மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும். உடையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, துவைத்துத் தேய்த்ததாக இருந்தால் சரி. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் “உங்கள் விருப்பம்” என்று சொல்லிவிடாமல், அந்தப் பகுதியில் புதியவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்பதை முன்பே விசாரித்து ஒரு தொகையைச் சொல்லுங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கணக்குப் பிரிவுக்கு வருகிறவர் அதைக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவதுதான் முறை. அவற்றை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றோ, முன்பணம் கட்ட வேண்டும் என்றோ சொல்லும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.