மறு: 1899 செவானி ஸ்கோர் கணக்கு இடிக்கிறதே?

நண்பரே, அமெரிக்காவின் டென்னசியில் உள்ள செவானி பல்கலைக்கழகத்தின் 1899 அமெரிக்கக் கால்பந்து ஆட்ட அட்டவணை சரிதான். நீங்கள் கூட்டிய முறையில்தான் பிசகு. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-க்கு எதிரான 10-0 வெற்றியை "ஒரு டச் டவுன், ஒரு கூடுதல் புள்ளி, ஒரு ஃபீல்டு கோல்" என்று 6+1+3 ஆகப் பிரித்திருக்கிறீர்கள். (டச் டவுன் என்பது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது; ஃபீல்டு கோல் என்பது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது.) அது இன்றைய கணக்கு. 1899-இல் டச் டவுனுக்கு 5, அதன்பின் உதைக்கு 1, ஃபீல்டு கோலுக்கும் 5. ஆக 10 என்பது ஐந்தும் ஐந்தும். டச் டவுன் 6 ஆனது 1912-இல்தான்.

செவானி ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆடி ஜெயித்தது என்பதும் அச்சுப்பிழை இல்லை. நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சாஸை 12-0, மறுநாள் ஹூஸ்டனில் அந்த 10-0, 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் எல்எஸ்யு-வை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34-0, செவ்வாய் மெம்ஃபிஸில் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) 12-0. சுமார் 2,500 மைல், எல்லாம் ரயிலில். ஐந்து அணிக்கும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை!

இதற்கு வேர் பணம்தான். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலில் தகராறாகி அவர்களோடான ஆட்டம் ரத்தாகிவிட, செவானி அணியின் மேலாளர் லூக் லீ இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்.

அந்த ஆண்டு செவானிக்கு எதிராகப் புள்ளி எடுத்த ஒரே அணி ஆபர்ன்; அதையும் செவானி 11-10 என ஜெயித்தது. அதையும் பழைய கணக்கிலேயே கூட்டிப் பாருங்கள்.

பின்கதையையும் சேர்த்துவிடுங்கள்: 1932-இல் எஸ்இசி (தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின்) லீக்கின் தொடக்க உறுப்பினரான இதே செவானி, லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஜெயிக்காமல் 1940-இல் வெளியேறியது.