நாலு பேர் ஓடிய ஓட்டம்

கேள்வி: பீட்டில்ஸ் ராக் குழு நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' பற்றிப் போன இதழில் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தீர்களே என்று தேடிப் பார்த்தேன். படம் முழுக்க நாலு பையன்கள் ஓடுகிறார்கள், கதையே இல்லை. இதற்கா இவ்வளவு பில்டப்?

பதில்: கதை இருக்கிறது என்று யார் சொன்னது? ரயிலேறி லண்டன் வருகிறார்கள், டி.வி.யில் பாடுகிறார்கள், முடிந்தது. எடுத்தவர்களுக்கே கதை பெரிய கவலையாக இல்லை. பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பட நிறுவனத்துக்குக் கண்ணெல்லாம் பாட்டு ரெக்கார்டு மேல். பீட்டில்ஸ் மோகம் எப்போது வடியுமோ என்ற பயத்தில் 1964 மார்ச்சில் ஷூட்டிங் தொடங்கி, சுமார் 2 லட்சம் பவுண்டில், கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஜூலையில் தியேட்டருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, 'கான்ட் பை மீ லவ்' பாட்டை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பின்பக்க இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி மைதானத்தில் குதிக்கிறார்கள், கேமரா ஹெலிகாப்டரில் ஏறிக்கொள்கிறது, பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது, ஒருத்தரும் வாயசைப்பதில்லை. நம்மூரில் மாண்டேஜ் பாட்டு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பாடகரை மைக் முன்னால் நிறுத்திவைத்தே ராக் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் படத்தின் இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் தாளத்துக்குத் தக்கபடி படத்தை வெட்டினார். கடைசியில் ஒரு ஆள் வந்து 'இது தனியார் இடம், தெரியுமில்ல' என்று முறைப்பான், அதையும் விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் ரோஜர் மக்குவின் இந்தப் படத்தைப் பார்த்தார். பீட்டில்ஸில் கிட்டார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன் பக்கவாட்டில் திரும்பியபோது கிட்டாரின் தலைக்குப் பின்னால் தந்தியை முறுக்கும் பிருடைகள் கூடுதலாக ஆறு நீட்டிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. 12 தந்தி ரிக்கன்பேக்கர் கம்பெனி கிட்டார்! தானும் ஒன்று வாங்கினார். 1965இல் பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டு தொடங்கும்போது கிணுகிணுக்கிறதே, அது அந்தக் கிட்டார்தான். அப்புறம், இதே படத்தைப் பார்த்து அதே மாதிரி நாலு பையன்களைச் சேர்த்து 'தி மங்கீஸ்' என்று 1966இல் அமெரிக்காவின் என்.பி.சி. டி.வி.யில் ஒரு தொடர் வந்தது. அதில் சம்பாதித்த காசில் அதன் தயாரிப்பாளர்கள் எடுத்ததுதான் 'ஈஸி ரைடர்' படம். (அதிலாவது கதை இருக்கிறதா என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள்.)

பிற்பாடு, பாட்டு வீடியோக்களைப் போடுவதற்கென்றே வந்த எம்.டி.வி. சானல்காரர்கள், 'எங்கள் சானலுக்கு அப்பா நீங்கள்தான்' என்று லெஸ்டருக்கே கடிதம் எழுதினார்கள். அவர் ரத்தப் பரிசோதனை கேட்டார்.