‘சாம்பல் மிகுந்தவன்’ புகழா, வசையா?

கேள்வி: பழைய அரபுக் கவிதைகளைத் தமிழாக்கிப் பழகுகிறேன். ஒரு தலைவனைப் புகழும் இடத்தில் ‘சாம்பல் மிகுந்தவன்’ என்று வருகிறது. அப்படியே எழுதினால் சபிப்பது போல இருக்கிறது. ‘நார்’ என்ற அரபுச் சொல் வரும் இடமெல்லாம் நெருப்பு என்றே போட்டுவிடலாமா?

பதில்: அது புகழ்தான். சாம்பல் மிகுதி என்றால் விறகு நிறைய எரிந்திருக்கிறது, சமையல் பெரிது, விருந்தாளிகள் பலர், ஆகவே அவன் வள்ளல். அரபு அணியிலக்கணத்தில் ‘கினாயா’ எனும் குறிப்புமொழிக்கு இதுவே வாடிக்கையான உதாரணம். தமிழில் வெறும் சாம்பல் என்றால் மனம் சுடுகாட்டுக்குப் போய்விடும். எனவே ‘அடுப்புச் சாம்பல் குவிந்த வீட்டுக்காரன்’ என்று அடுப்பையும் சேர்த்துவிடுங்கள். அடுப்பில் பூனை தூங்கினால் வறுமை என்று அறிந்த வாசகருக்கு அதுவே போதும்.

‘நார்’ விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் அரபியரின் நெருப்புகளை வகைவகையாகச் சொல்லியிருக்கிறார். எங்கே எரிகிறது, எப்போது, யார் பார்ப்பதற்காக என்று முதலில் பாருங்கள்.

குளிர்கால இரவு, மேட்டுநிலம் என்றால் அது வழிப்போக்கரை அழைக்கும் விருந்து நெருப்பு, ‘நாருல் கிரா’. விருந்தாளியை அழைத்துவந்தால் உனக்கு விடுதலை என்று வள்ளல் ஹாத்திம் தாயீ தன் அடிமையிடம் மூட்டச் சொன்னது இதைத்தான். அணைப்பது இழிவு. கவிஞர் ஜரீரின் கூட்டத்தார் விருந்தாளி வரும் அரவம் கேட்டதும் தாயை விட்டே நெருப்பின் மேல் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள் என்று அவரது போட்டிக் கவிஞர் அல்-அக்தல் பாடிய வசையின் காரம் அங்கேதான் இருக்கிறது.

மலையுச்சியில் என்றால் போருக்கு ஆள்திரட்டும் நெருப்பாகவும் இருக்கலாம். மிக அவசரமானால் இரண்டு மூட்டுவார்கள். அரபியில் இருமை விகுதி உண்டு, தமிழில் இல்லை. ‘இரண்டு’ என்று எழுதாவிட்டால் அவசரம் காணாமல் போகும். பெண் கவிஞர் அல்-கன்ஸா தன் சகோதரன் ஸக்ரை ‘உச்சியில் நெருப்பெரியும் அலம்’ என்றது வேறு: வழிகாட்டிகளுக்கே அவன் வழிகாட்டி. இக்கால அகராதியை நம்பி ‘அலம்’ என்பதைக் கொடி என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அது மலை. கொடிக்குத் தீ வைத்துவிடாதீர்கள்!

புறப்படுகிறவனின் முதுகுக்குப் பின்னால் மூட்டும் தீ வழியனுப்பும் விளக்கல்ல. திரும்பி வராதே என்பது. சத்தியம் செய்யும் இடத்தில் தீயில் உப்பைப் போடுவார்கள்; அது வெடித்து, சத்தியம் செய்பவனை மிரட்டும். வறட்சியில் மாட்டு வாலில் காய்ந்த ‘உஷர்’ கிளைகளைக் கட்டி, மலைமேல் ஓட்டிக் கொளுத்தி மழை வேண்டுவார்கள். உஷர் நம் எருக்கின் இனம். எருக்கு என்றே எழுதலாம்.

ஒட்டகக்காரனிடம் ‘உன் நெருப்பு எது?’ என்று கேட்டால் மட்டும் நெருப்பை விட்டுவிடுங்கள். கேட்பது ஒட்டகத்தின் மேல் போட்ட சூட்டுக்குறியை.